அந்தோணிதாஸுக்கு அடுத்த இடம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், திகாம் பத்து என்ற ஊரில் இருக்கும் அந்தோணிதாஸைச் சந்தோஷமாகப் போனில் கூப்பிட்டவர் ஒருவரும் கிடையாது. அவர் தொழில் அப்படி. குருண் போகிற சாலையோரத்தில் அவருக்கு ஒரு கடை. உள்ளே பெட்டிகள், வெளியே கறுப்பு வேன். வேனின் நெற்றியில் மாட்டிக் கழற்றுகிற மாதிரி இரண்டு பலகைகள் செய்து வைத்திருந்தார். ஒன்றில் சிலுவை, இன்னொன்றில் ஓம். போய்ச் சேர்ந்தவர் யாரோ அவருக்கு ஏற்றதை மாட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வாசலில் வந்து நிற்பார். அதிகம் பேசமாட்டார். அழுகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவார்.

சுற்று வட்டாரத்தில் அவருடைய எண் இல்லாத கைப்பேசி இல்லை. ஆனால் எந்தக் கைப்பேசியிலும் அது அவருடைய பேரில் இருக்காது. சாவு வண்டிக்காரர் பேர் போனில் இருந்தால் வீட்டுக்கு ஆகாது என்று ஒருவர் 'பைப் ரிப்பேர்' என்று வைத்திருப்பார். இன்னொருவர் 'சும்மா' என்று வைத்திருப்பார். அந்தோணிதாஸ் இதையெல்லாம் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. தேவைப்படும்போது கூப்பிட்டால் சரி.

அவருக்கு ஒரே மகள், கேரன். தாயில்லாப் பெண். சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. கடையில் உடலை வைக்கிற ஐஸ் பெட்டி ஒரு நாள் கெட்டுப்போக, அதை ரிப்பேர் செய்ய கோத்தா கோலா மூடாவிலிருந்து பிரெடி என்ற ஏர்கோன் பையன் வந்தான். பெட்டி அன்றைக்கே சரியாகிவிட்டது. ஆனாலும் 'கேஸ் செக் பண்ணணும்' என்று அவன் வாராவாரம் வந்துகொண்டிருந்தான். கேரன் அவனுக்குக் கோப்பி கலக்கிக் கொடுக்கும் விதத்தைப் பார்த்து, கெட்டது ஐஸ் பெட்டி அல்ல என்பது அந்தோணிதாஸுக்குப் புரிந்தது. நல்ல பையன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவன். சரி, அம்மாவை அழைத்து வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

பிரெடியின் அம்மா பேட்ரிசியா வந்தார். வெறுங்கையோடு வரவில்லை, போனோடு வந்தார்.

அந்த அம்மாள் எதையும் தேடிப் பார்க்காமல் செய்கிறவர் அல்ல. தையல்காரியிலிருந்து பல் டாக்டர் வரை, ஏன், எந்தச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது என்பதுவரை 'தேடுமுக'த்தில் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். தேடுமுகம் என்பது சுங்கை பட்டாணியில் இருக்கும் தமிழர் இணையத் தேடல் பேரவை நடத்துகிற வலைத்தளம். வட்டாரத்துக் கடை, கோயில், சர்ச், மண்டபம், சங்கம் எல்லாவற்றுக்கும் அதில் ஆளுக்கொரு பக்கம். தேடினால் யார் முதலில் வருவது, யார் கடைசியில் வருவது என்பதைப் பேரவை கணக்குப் போட்டுச் சொல்லும்.

கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு பேட்ரிசியா கேட்டார்: "மிஸ்டர் அந்தோணி, உங்க மாண்பெண் எத்தனை?"

"ஒரே பொண்ணுதான் மேடம். கேரன்."

"பொண்ணைக் கேக்கல லா. மாண்பு எண். மாண்பெண். தேடுமுகத்துல உங்களுக்கு எவ்வளவு போட்டிருக்குன்னு கேட்டேன்."

அந்தோணிதாஸ் கேரனைப் பார்த்தார். கேரன் சுவரைப் பார்த்தாள். அப்பாவுக்காக அவள்தான் எப்போதோ ஒரு பக்கம் செய்து போட்டிருந்தாள். வேனின் படம், போன் எண், அவ்வளவுதான்.

"நானே பார்த்துட்டேன்," என்று பேட்ரிசியா போனைத் திருப்பிக் காட்டினார். "பூஜ்யம். உங்களுக்கு ஒரு லிங்க்கூட இல்ல. ஒருத்தர்கூட உங்களைக் காட்டல. எங்க சொந்தக்காரங்க கேட்டா நான் என்ன சொல்றது? என் மருமக வீட்டை இந்த உலகத்துல யாருக்கும் தெரியாதுன்னா?"

"எல்லாருக்கும் தெரியும் மேடம். உங்க வீட்டுக்காரருக்குக்கூட நான்தான்..."

"தெரியும். நல்லா செஞ்சீங்க. ஆனா அது வேற, இது வேற," என்றார் பேட்ரிசியா. "முதல்ல மாண்பெண்ணைச் சரி பண்ணுங்க. அப்புறம் தேதி பேசலாம்."

மறுநாள் அந்தோணிதாஸ் பேரவை அலுவலகத்துக்குப் போனார். செயலாளர் சத்தியசீலன் கழுத்தில் டை கட்டிய இளைஞர். உட்காரச் சொல்லி, பசியாறிவிட்டீர்களா என்று அன்பாகக் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மேடைத் தமிழுக்கு மாறினார்.

"ஐயா, பேரவை யாரையும் உயர்த்துவதும் இல்லை, தாழ்த்துவதும் இல்லை. மக்கள்தான் உயர்த்துகிறார்கள். ஒருவர் தம் பக்கத்திலிருந்து உங்கள் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அது உங்களுக்கு விழுந்த ஓட்டு. அதிக ஓட்டு, அதிக மாண்பெண்."

"அப்போ எல்லா ஓட்டும் ஒன்னுதானே?"

"அது எப்படி ஒன்றாகும்? முக்கியமானவர் கொடுக்கும் இணைப்பு முக்கியமானது. சாதாரண ஆள் கொடுப்பது சாதாரணம்."

"யாருங்க தம்பி முக்கியமானவரு?"

"முக்கியமானவர்கள் யாரைக் காட்டுகிறார்களோ, அவர்."

அந்தோணிதாஸ் கொஞ்சம் யோசித்தார். "அந்த முக்கியமானவங்களை யாரு காட்டினா?"

"வேறு முக்கியமானவர்கள்."

"முதல்ல ஒருத்தர் இருந்திருப்பாரே?"

சத்தியசீலன் புன்னகைத்தார். எல்லாரும் இந்த இடத்தில்தான் விழுவார்கள் போலிருக்கிறது. "அதெல்லாம் தேவையில்லை ஐயா. திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டால் தானாகத் தெரியவரும். போட்டுப் பார்த்தோம். எங்கள் தலைவர், அரசின் டத்தோ பட்டம் பெற்ற திவாகரன், முதலிடத்தில் வந்தார். விதிப்படி முதலிடத்தில் இருப்பவரே தலைவர். எவ்வளவு நேர்மையான கணக்கு பாருங்கள்."

பக்கத்து மேசையில் நல்ல உடம்போடு ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் கொட்டாவி விட்டபடி கண்டபடி தட்டிக்கொண்டிருந்தார்.

"அவர் தர்மலிங்கம்," என்றார் சத்தியசீலன். "எங்கள் திசையிலாப் பயணர். ஒரு பக்கத்துக்குப் போவார். அங்கே உள்ள இணைப்புகளில் கைக்கு வந்ததை அழுத்தி அடுத்த பக்கத்துக்குப் போவார். இப்படியே போய்க்கொண்டிருப்பார். எந்தப் பக்கத்துக்கு அடிக்கடி வந்து சேர்கிறாரோ அதுவே பெரிய பக்கம். கணினி போடும் கணக்கை இப்படித்தான் சரிபார்க்கிறோம். இந்த வேலைக்கு எந்த நோக்கமும் இல்லாத ஆள் வேண்டும். நேர்முகத் தேர்வு வைத்தோம். டத்தோவின் மச்சானைவிடப் பொருத்தமானவர் கிடைக்கவில்லை."

"சலிப்பா இருக்காதா?" என்று அந்தோணிதாஸ் பரிவோடு கேட்டார்.

"சலிக்கணும் லா அண்ணே," என்று தர்மலிங்கமே பதில் சொன்னார். "விதியிலயே இருக்கு. சலிச்சா வேற எங்கயாச்சும் தாவிடணும். சலிக்கலைன்னா ஒரே எடத்துல சுத்திக்கிட்டு இருப்பேன்ல. அதுக்குத் தனி அலவன்ஸ்."

அன்றிலிருந்து அந்தோணிதாஸ் ஓட்டுக் கேட்கக் கிளம்பினார். அவர் சேவை செய்யாத வீடு அந்த ஊர்களில் குறைவு. ஆகவே பயமில்லாமல்தான் கிளம்பினார்.

முதலில் கல்யாண மண்டபம் நடத்தும் உமாராணியிடம் போனார். உமாராணி ஓடிவந்து வரவேற்றார். "அண்ணே, எங்க அப்பாவுக்கு நீங்க செஞ்சதை ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன். என்ன வேணும் சொல்லுங்க." விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் இறங்கியது. "மண்டபம் பார்க்க வர்ற புதுஜோடி... 'மேலும் காண்க'ன்னு உங்க வண்டியைப் பார்த்தா எப்படிண்ணே இருக்கும்? உங்களுக்கே நல்லா இருக்குமா?"

நன்றாக இருக்காது என்று அந்தோணிதாஸுக்கே பட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

பிரசவ மருத்துவமனையில் நர்ஸ் சிலுவை போட்டுக்கொண்டார். முதியோர் இல்லத்தின் மேலாளர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு இல்லாததா? ஆனா எங்க தாத்தா பாட்டிங்களும் இப்ப ஹென்போன் பார்க்கிறாங்க," என்றார். ஆயுள் காப்புறுதி ஏஜெண்டு மட்டும் சந்தோஷமாகச் சம்மதித்தார். பிறகு அவருடைய மேலதிகாரி, அப்படிப் போட்டால் நாம் எதையோ எதிர்பார்ப்பதுபோல் இருக்கும் என்று தடுத்துவிட்டார். சர்ச்சில் ஃபாதர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அந்தோணி, நம்ம பங்குப் பக்கத்திலிருந்து நித்திய வாழ்வுக்கு மட்டும்தான் லிங்க் கொடுத்திருக்கோம். நடுவுல உன்னைப் போட்டா சனங்க குழம்பிடும்."

ஒருவரும் மனம் நோகும்படி பேசவில்லை. எல்லாரும் கோப்பி கொடுத்தார்கள். மாலையில் வயிறு நிறையக் கோப்பியும் பூஜ்ய மாண்பெண்ணுமாக அவர் கடைக்குத் திரும்பினார். கேரனின் கண் சிவந்திருந்தது. பிரெடி கோலா மூடாவில் அம்மாவோடு சண்டை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கிறானாம்.

அதைக் கேட்ட பிறகு, மறுநாள் விடியற்காலையில் அந்தோணிதாஸ் வேனை எடுத்துக்கொண்டு மெர்போக்குக்குப் போனார். அங்கே தேவன் என்பவர் லிங்க் விளைவிக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தார்.

செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே, முன்பு ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட கொட்டகை. ஷீட் தொங்கிய கம்பிகளில் இப்போது பழைய கைப்பேசிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் போய்ச் சேர்ந்தபோது தோட்டத்து வழக்கப்படி காலைப் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு, நடந்துகொண்டிருந்தது. தேவன் பேர் கூப்பிட, தலையில் துண்டு கட்டிய பெண்கள் 'இருக்கேன்' என்று சொல்லி ஆளுக்கொரு நிரையில் போய் நின்றார்கள்.

"பால்மரத்துல நிரை பிடிச்ச கை இதெல்லாம்," என்றார் தேவன் பெருமையாக. "ஒரு நிரைக்கு இவ்வளவு பக்கம்னு கணக்கு. மெலிவுத் தேயிலை, மீன் தூண்டில், ஜாதகம், பிறந்தநாள் அலங்காரம், எல்லாம் நாங்களே செஞ்ச பக்கம். பார்க்க ஆள் வேணாம். லிங்க் கொடுத்தா போதும்."

நிரையிலிருந்த மருதம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "இன்னிக்கு நல்லா இறங்குது. மழை வந்தா லைன் போயிடும், வேலை இல்ல. அந்தக் காலத்து மாதிரியேதான்."

தேவன் கூலியாக எதுவும் கேட்கவில்லை. வீடு மாறப்போகிறார், அலமாரியும் மெத்தையும் ஏற்ற வேன் வேண்டும் என்றார். அந்தோணிதாஸ் ஒத்துக்கொண்டார். புதுவீட்டுக்குச் சாமான்கள் கறுப்பு வேனில் வந்து இறங்கியதைப் பார்த்து, அந்தத் தெருக்காரர்கள் தேவனின் மனைவியிடம் துக்கம் விசாரித்தது தனிக் கதை.

வாரம் திரும்புவதற்குள் அந்தோணிதாஸின் மாண்பெண் ஏறிவிட்டது. ஏறிய விதம்தான் கொஞ்சம் விபரீதம். மருதம்மாள் நிரையில் ஒவ்வொரு பக்கத்திலும், அந்தப் பக்கத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு வரி எழுதி லிங்க் போட்டிருந்தார்கள். 'எங்கள் மெலிவுத் தேநீரைக் குடித்தவர்கள் அடுத்து இவரிடம்தான் போனார்கள்.' 'குழந்தையின் முதல் பிறந்தநாளா? இவரை அழையுங்கள்.' 'ஜாதகத்தில் சந்தேகமா? இவர் முடித்துவைப்பார்.'

ஆகவே தேடுமுகத்தில் யார் என்ன தேடினாலும் முதலில் அந்தோணிதாஸ் வந்து நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஜனங்கள் அவரைச் சிரித்த குரலில் கூப்பிட்டார்கள்.

"அண்ணே, ரிசப்ஷனுக்கு உங்க எடம் காலியா இருக்கா? ஆயிரம் பேர் உக்காரலாமா?"

"ஒருத்தர்தான் தம்பி. அதுவும் படுத்துதான்."

மெலிய வேண்டும் என்று கேட்ட ஒரு அம்மாளிடம், "எங்க கிட்ட வர்றவங்க எல்லாருமே கடைசியில மெலிஞ்சிடுவாங்க. ஆனா நீங்க அவசரப்படாதீங்க," என்று பொறுமையாகச் சொல்லி வைத்தார்.

பேட்ரிசியா போன் செய்தார். குரலில் தேன். "சம்பந்தி! பார்த்தேன், பார்த்தேன். நீங்கதான் ஒன்னாவது. டத்தோகூட உங்களுக்குக் கீழ! தேதி பேசிடலாம். சீர் எதுவும் வேணாம். உங்க பக்கத்திலிருந்து என் பையனுக்கு ஒரே ஒரு லிங்க் கொடுத்திடுங்க. அவனுக்கு மட்டும்தான் கொடுக்கணும். ரெண்டு பேருக்குப் பிரிச்சா மதிப்பும் ரெண்டாயிடுமாம், விசாரிச்சிட்டேன்."

அதற்கும் ஒத்துக்கொண்டிருப்பார். அதற்குள் பேரவையிலிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்துவிட்டது.

உமாராணி மண்டபத்தில் கூட்டம். கிளைத் தலைவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அந்தோணிதாஸ் வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் பக்கத்து நாற்காலிகள் தானாகக் காலியாயின. கேரனும் பிரெடியும் பின்னால். பேட்ரிசியா நடுவில், கையில் போனோடு.

டத்தோ திவாகரன் மேடையேறினார். பேசுவதற்கு முன்பே மாலை போட்டார்கள்.

"பேரவைச் சொந்தங்களே! முதலிடம் என்பது எனக்குப் பெரிதல்ல. நான் அதில் வெகுகாலம் இருந்துவிட்டதால் அதன் பாரம் எனக்குத் தெரியும். அந்தப் பாரத்தை இன்னொருவர் சுமக்கக் கூடாது என்பதுதான் என் கவலை. என்னிடம் கேட்கிறார்கள், டத்தோ, நீங்கள் எப்படி இவ்வளவு உயர்ந்தீர்கள் என்று. சொல்கிறேன். என் பக்கத்திலிருந்து இன்றுவரை ஒருவருக்கும் நான் இணைப்புக் கொடுத்ததில்லை. கொடுத்தால் நமது மாண்பு வழிந்து போய்விடும். மக்கள் என்னைக் காட்டுகிறார்கள், நான் யாரையும் காட்டுவதில்லை. இதற்குப் பெயர்தான் தலைமைத்துவம்!"

கைதட்டல்.

"ஆனால் மெர்போக்கில் ஒரு கொட்டகையில் என்ன நடக்கிறது? யாரும் படிக்காத பக்கங்களை உண்டாக்கி ஒரே ஆளைக் காட்ட வைக்கிறார்கள். இது மோசடி! நாம் கெடா முழுவதும் கிளைகள் அமைத்தோம். கிளைக்கு ஒரு பக்கம் கொடுத்தோம். எல்லாக் கிளையும் என்னைக் காட்டியது. அந்தப் பக்கங்களையும் யாரும் படிப்பதில்லை. ஆனால் நமக்கு ரப்பர் முத்திரை இருக்கிறது! அவர்களுக்கு இருக்கிறதா?"

இன்னும் பலத்த கைதட்டல். கிளைத் தலைவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

சத்தியசீலன் மெல்ல மேடையோரம் வந்து டத்தோவின் காதில் ஏதோ சொன்னார். ஒலிபெருக்கி அணைக்கப்படவில்லை. "டத்தோ, மாண்பெண் தப்புன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அவர் கணக்கு தப்புன்னா நம்ம கணக்கும் தப்பாயிடும்."

டத்தோ தலையாட்டினார். "ஆகவே, மாண்பெண் தவறாது. மாண்பெண் அவரை முதலில் காட்டினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தை நமது திசையிலாப் பயணர் விளக்குவார்."

தர்மலிங்கம் எழுந்தார். இரண்டு மூன்று நாளாகத் தூங்காதவர்போல் இருந்தார்.

"எனக்குப் பேச வராது," என்று ஆரம்பித்தார். "நான் பார்த்ததைச் சொல்றேன். தேயிலைப் பக்கத்துல ஆரம்பிச்சேன். நாலஞ்சு தடவை அழுத்தினேன், அண்ணன் அந்தோணிதாஸ் வீட்டு வாசல்ல வந்து நின்னேன். சரின்னு பிறந்தநாள்ல ஆரம்பிச்சேன். அங்கேருந்தும் அவர்கிட்டதான். கல்யாணத்துல ஆரம்பிச்சேன். கொஞ்சம் சுத்திப் போச்சு, ஆனா அவர்கிட்டதான். எந்தப் பக்கம் போனாலும், எவ்வளவு நல்லா ஆரம்பிச்சாலும், கடைசியில இவர்கிட்டதான் வந்து சேர்றேன்."

பின்வரிசையில் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"வந்தா வந்துட்டுப் போகுது. ஆனா அங்கேருந்து திரும்ப வழியே இல்ல லா. அவர் பக்கத்துல வெளிய போக ஒரு லிங்க்கூட இல்ல. நானும் எங்கெங்கயோ அழுத்திப் பார்த்தேன். வேன் படம்தான் பெருசாகுது. சலிச்சா தாவிடலாம்னு விதி. தாவுறேன். தாவி நாலு பக்கம் தள்ளி மறுபடியும் அவர்தான் நிக்கிறாரு. வெள்ளைச் சட்டையில." தர்மலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு இந்த வேலை வேணாம் மச்சான்."

முதல் வரிசையில் யாரோ இருமினார்கள். ஏன் இருமினோம் என்பதுபோல் உடனே நிறுத்திக்கொண்டார்கள். அந்தோணிதாஸுக்குத் தர்மலிங்கத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எழுந்து போய் ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார். தர்மலிங்கம் நாற்காலியைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார்.

பேரவை அங்கேயே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அந்தோணிதாஸின் பக்கத்துக்குக் கட்டாயம் ஒரு வெளிவாசல் வேண்டும். உடனே அவர் யாருக்காவது ஒரு இணைப்புக் கொடுத்தாக வேண்டும். ஒரே வாசல் என்றால், அவருக்கு வந்து சேர்ந்த மாண்பு அத்தனையும் அந்த ஒருவருக்கே போய்ச் சேரும்.

பேட்ரிசியா சட்டென்று எழுந்தார். "அந்த லிங்க் எங்களுக்கு! ஏற்கனவே பேசியாச்சு. சம்பந்தி முறையில என் மகன் பிரெடிக்குத்தான்."

சத்தியசீலன் படிவத்தை எடுத்தார். "நன்று. விதிப்படி இப்படி எழுத வேண்டும். அந்தோணிதாஸ் இறுதிச் சடங்குச் சேவை. அதன் கீழே, அடுத்தது... உங்கள் மகனின் முழுப்பெயர்?"

பேட்ரிசியா வாயைத் திறந்தார். மண்டபம் முழுவதும் திரும்பிப் பிரெடியைப் பார்த்தது. ஒரு கிழவி 'சின்ன வயசு' என்று உச்சுக் கொட்டினாள்.

"வேணாம்!" என்று பேட்ரிசியா அலறினார். "வேணாம், வேணாம்! லிங்க் வேணாம். எங்களுக்குப் பொண்ணு மட்டும் போதும்!"

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்று பின்னாலிருந்து கேரனின் குரல் வந்தது. அதுவரை ஒரு வார்த்தை பேசாத பெண். "அத்தை, மேல இருக்க மைக்கிலயும் ஒரு தடவை சொல்லிடுங்க."

மண்டபம் சிரித்தது. பேட்ரிசியாவும் வேறு வழியில்லாமல் சிரித்தார். பிரெடி அன்றைக்கு முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஆனால் வாசல் இன்னும் காலியாகத்தான் இருந்தது. சத்தியசீலன் ஒவ்வொரு கிளைத் தலைவராகப் பார்த்தார். ஒவ்வொருவரும் தனக்குத் தகுதியில்லை என்று பணிவாக மறுத்தார். பேரவை வரலாற்றில் இப்படி ஒரு பணிவை யாரும் கண்டதில்லை. கடைசியில் டத்தோ திவாகரன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். மாண்பு அத்தனையும் ஒருவருக்கே என்ற சொல் அவர் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது.

"தியாகம் செய்ய ஆளில்லை என்றால் தலைவன் எதற்கு? எழுதுங்கள். அந்தோணிதாஸுக்கு அடுத்தது நான்தான். எனக்கு முன்னால் யாரும் போகக் கூடாது!"

எழுதினார்கள்.

அன்று முதல் வேன் படத்துக்கும் போன் எண்ணுக்கும் கீழே, 'அடுத்தது: டத்தோ திவாகரன்' என்று வந்தது. அழுத்தினால் டத்தோவின் பக்கம். அதில் அவருடைய ஒரே படம். கழுத்தில் மாலை, பார்வை வானத்தில்.

ஜனங்கள் என்ன செய்வார்கள்? முதலில் ஒரு கிளை ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்து டத்தோவின் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தது. அதைப் பார்த்து இன்னொரு கிளை. பிறகு உமாராணி மண்டபம், பிரசவ மருத்துவமனை, முதியோர் இல்லம், பங்கு சர்ச். கண்ணீர் அஞ்சலி ஒவ்வொன்றிலும் ஒரு லிங்க். அந்தோணிதாஸ் பதறிப்போய்ப் பேரவைக்குப் போன் செய்தார். லைன் கிடைக்கவில்லை. மலர் வளையத்தை எங்கே இறக்குவது என்று கேட்டு அவருக்கே நிறையப் பேர் கூப்பிட்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் கடையின் பின்கதவு தட்டப்பட்டது. தொப்பியும் முகக்கவசமுமாக ஒருவர் உள்ளே வந்து, பெட்டிகளைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கிவிட்டு, முகக்கவசத்தை இறக்கினார்.

"டத்தோ! நீங்க..."

"உயிரோடதான் இருக்கேன் லா. சத்தம் போடாத."

"அப்போ ஒரு அறிக்கை விட்டுடலாமே டத்தோ. நானே லிங்க்கை எடுத்துடறேன். எனக்குப் பாவமா இருக்கு."

"தொடாத!" டத்தோ அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மறுப்பு விட்டா எல்லாவனும் லிங்க்கை எடுத்துடுவான். உயிரோட இருந்தப்ப ஒவ்வொரு கிளையா கெஞ்சி லிங்க் வாங்கினேன் அந்தோணி. இப்ப கேக்காமலே வந்து குவியுது. உன்னையும் தாண்டிட்டேன். ஒருத்தன் கவிதை போட்டிருக்கான். எனக்கு!"

"வீட்ல அம்மா?"

"அவளும் போட்டிருக்கா." டத்தோ தொப்பியைக் கழற்றினார். "பக்கத்து ரூம்ல உக்காந்துதான் எழுதினா. கல்யாணம் ஆனதிலேருந்து என்னைப் பத்தி அவ அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல."

பேரவையிலும் சிக்கல் வரவில்லை. முதலிடத்தில் இருப்பவரே தலைவர் என்பது விதி. அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று விதியில் எங்கேயும் இல்லை என்று சத்தியசீலன் சுற்றறிக்கை அனுப்பிவிட்டார். கிளைத் தலைவர்களுக்கும் இது வசதியாக இருந்தது. கூட்டங்கள் சீக்கிரம் முடிந்தன.

டத்தோ எழுந்து போகும்போது அந்தோணிதாஸ் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தார். டத்தோ வாங்கிப் படித்தார். ஆட்டிறைச்சி பிரியாணியா என்று கேட்டார். ஆமாம் என்றதும் பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நான் எப்படி லா வர்றது? என் நிலைமை அப்படி."

கல்யாணம் நன்றாக நடந்தது. சர்ச்சில் கேரன் சிரித்துக்கொண்டே நின்றாள். பிரெடி மோதிரத்தைக் கீழே போட்டு எடுத்தான். உமாராணி மண்டபத்தை அலங்கரித்துக் கொடுத்தார். பேட்ரிசியா வந்தவர்களிடமெல்லாம் மருமகளைக் காட்டி, "நான் தேடிப் பார்க்காமலே எடுத்தேன்," என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். அந்தோணிதாஸ் மகளை ஒரு கையால் அணைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவருக்குப் பக்கத்து நாற்காலி ஒன்றுகூடக் காலியாக இல்லை.

பந்தி நடக்கும்போது அவர் ஒரு தட்டில் பிரியாணியும் தயிர்ப்பச்சடியும் இரண்டு துண்டு அதிகமான கறியும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் போனார். அங்கே மரநிழலில் கறுப்பு வேன் நின்றது. யாரும் எட்டிப் பார்க்காத வண்டி அது ஒன்றுதான் என்று டத்தோவே கேட்டு வாங்கிக்கொண்ட இடம். பின்கதவைத் திறந்து தட்டை நீட்டினார்.

டத்தோ கால் நீட்டி உட்கார்ந்தபடி தட்டை வாங்கிக்கொண்டார். வியர்த்து ஊற்றியது. ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். பிறகு மண்டபத்திலிருந்து வந்த சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"அந்தோணி, உள்ள யாராச்சும் என்னைப் பத்திப் பேசுறாங்களா?"

அந்தோணிதாஸ் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். எவ்வளவோ வீட்டு வாசலில் இதே கேள்விக்குப் பதில் தெரிந்தும் சொல்லாமல் நின்றவர் அவர். கேட்கவேண்டியவர் அங்கெல்லாம் கேட்கும் நிலையில் இருந்ததில்லை.

"எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க டத்தோ," என்றார் மெதுவாக. "இன்னும் கொஞ்சம் கறி எடுத்துட்டு வரட்டுமா?"